டவர் நின்ற பிறகும் பேச: மொட்டை மாடியில் ஒரு ரேடியோ மன்றம் செய்யும் சோதனைகள்

(பேரிடர் தயார்நிலை பற்றிய பொதுமக்கள் கூட்டம் ஒன்றில், அமெச்சூர் ரேடியோ மன்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லார் கையிலும் ஒரு ரேடியோ இருக்கிறது. நாம அதை ரேடியோ என்று சொல்வதில்லை, செல்போன் என்கிறோம். ஆனால் உள்ளே இருப்பது அதேதான்: அலையை அனுப்ப ஒரு டிரான்ஸ்மிட்டர், வாங்க ஒரு ரிசீவர், இரண்டுக்கும் ஆன்டெனா. பழைய போன்களில் ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது போனுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆனால் இந்த ரேடியோவை வைத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிற சித்தப்பாவோடு நேராகப் பேச முடியாது. உங்கள் குரல் முதலில் டவருக்குப் போகும். அங்கிருந்து கேபிள் வழியாக எங்கேயோ ஒரு எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். அப்புறம் திரும்பி இன்னொரு டவருக்கு வந்து, கடைசியில் சித்தப்பா போனுக்கு வரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், கையில் இருக்கிற விலை உயர்ந்த போன் வெறும் டார்ச் லைட்தான்.

அது எப்படி அறுகிறது என்று நமக்குத் தெரியும். மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அப்புறம் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வண்டி வர ரோடு வேண்டும். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னை இதைப் பார்த்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்கள் பார்த்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பார்த்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள், “அம்மாவுக்குப் போன் போகலியே” என்று தவித்த தவிப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ, நடுவில் டவர் இல்லாமல் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் பேசுவது. அதைக் கேட்டதும் பலர், “அப்போ ஒரு செட் வாங்கி அலமாரியில் வச்சிக்கலாமே, ஆபத்துக்கு ஆகும்” என்கிறார்கள். ஆகாதுங்க. வெள்ளம் வருகிற அன்றைக்கு வேலை செய்யப் போவது, வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் செய்து பார்த்தது மட்டும்தான். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

அந்தமானில் நடந்தது

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவருடைய குழுவினரும் அந்தமான் போர்ட் பிளேரில் ரேடியோ நிலையம் அமைத்திருந்தார்கள். போனது பொழுதுபோக்குக்காக. அந்தமானிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பே இல்லாததால், அந்தத் தீவோடு ஒருமுறை பேசிவிட வேண்டும் என்று உலகமெங்கும் ஹாம்கள் காத்திருந்தார்கள். வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியில் அவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், டிசம்பர் 26-ம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே ஆன்டெனா, அதே செட், அன்று முதல் தீவுகளுக்கும் வெளி உலகத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சுனாமி வந்த பிறகு யாரோ செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆன்டெனா ஏற்கெனவே மேலே இருந்தது. எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் எங்கே கேட்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

முதல் ஆன்டெனா: ஐந்து கம்பி

சரி, எங்கள் மன்றத்தில் என்ன செய்கிறோம்? பள்ளி ஆசிரியர், செல்போன் ரிப்பேர் கடைக்காரர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கல்லூரி மாணவிகள் என்று கலந்து இருக்கிறோம். புதிதாக வருகிறவர் முதலில் செய்வது ஒரு ஆன்டெனா.

கணக்கு எளிது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். ஹாம்கள் உள்ளூரில் பேசப் பயன்படுத்துவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். நடுவில் 145 என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். நிஜக் கம்பியில் 5 சதவீதம் குறைத்து, 49 சென்டிமீட்டர் வைக்க வேண்டும். பித்தளைக் கம்பி ஒன்றை நேராக மேலே நிறுத்தி, நான்கு கம்பிகளைக் குடைக் கம்பி மாதிரி கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு கனெக்டரில் பற்றவைத்தால் ஆன்டெனா தயார். அந்த நான்கும் ஏன் சாய்வாக இருக்கணும் என்று கேட்பார்கள். படுக்கையாக வைத்தால் ஆன்டெனாவின் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும். 45 டிகிரி சாய்த்தால் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். நம் செட்டும் கேபிளும் 50 ஓமுக்குச் செய்தவை. மூன்றும் ஒத்துப்போனால்தான் சக்தி முழுசாக வெளியே போகும்.

செலவு சில நூறு ரூபாய். கைச்செட்டோடு வருகிற குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு இதை மாடியில் மாட்டிப் பேசும்போது, அதுவரை இரைச்சலாகக் கேட்ட குரல் தெளிவாக வரும். அந்த முகத்தைப் பார்க்கணுமே!

உயரம் கொடுப்பதும் கேபிள் தின்பதும்

இந்த அலைவரிசையில் அலை கிட்டத்தட்டக் கண்பார்வைத் தூரம்தான் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோவின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். தரையில் நின்று கைச்செட்டை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீட்டர். 9 மீட்டர் உயர மாடியில் ஆன்டெனா வைத்தால் 12 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் அப்படி மாடி இருந்தால் 25 கிலோமீட்டர். சமவெளிக்கு மேலே 1,000 மீட்டர் உயர மலையில் ஒரு ரிப்பீட்டர் நிலையம் இருந்தால், அதற்கு 130 கிலோமீட்டர் வரை பார்வை. அதனால்தான் மலை மேல் ரிப்பீட்டர் வைக்கிறார்கள். ஆனால் அதுவும் ஒரு டவர் மாதிரிதான், அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே ரிப்பீட்டர் இல்லாமல் பேசவும் பழக வேண்டும்.

“அப்போ இன்னும் உசரமா கட்டிடலாமே?” என்று எங்கள் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. உயர்த்தினால் கேபிள் நீளும். ஆர்.ஜி.58 என்கிற மெல்லிய கேபிள் 30 மீட்டர் போட்டால், இந்த அலைவரிசையில் 6 டெசிபெல் அளவுக்குச் சக்தி கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். செட் 5 வாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது ஒன்றேகால் வாட். ஆர்.ஜி.213 என்கிற தடித்த கேபிளில் பாதியாவது சேரும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. எங்கள் மாடிக்கு எந்த உயரமும் எந்த கேபிளும் லாபம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

மீட்டர் சொல்வதும் ஊர் சொல்வதும்

ஆன்டெனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இருக்கிறது. அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அது காட்டும். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது. 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம். 2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

ஆனால் இந்த மீட்டரை மட்டும் நம்பிவிடக் கூடாது. மழைத் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். போகிற சக்தியைக் கேபிள் தின்றுவிடும், ஆன்டெனாவில் மோதித் திரும்புகிற சக்தியையும் தின்றுவிடும். மீட்டருக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு. “அடடா, அருமையான ஆன்டெனா” என்று மீட்டர் சொல்லும். அடுத்த தெருவில் ஒன்றும் கேட்காது. இது நமக்கு மழைக்காலத்தில்தான் வரும், அதாவது ரேடியோ வேண்டியிருக்கிற அதே நேரத்தில். அதனால் கனெக்டர்களை நீர்புகா டேப்பால் சுற்றுவதும், வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கீழே சொட்ட வைப்பதும் எங்களுக்குப் பழக்கமான வேலைகள். ஐப்பசி பிறக்கும் முன்பே அவிழ்த்துப் பார்த்துவிடுவோம்.

மீட்டருக்கு அடுத்த சாட்சி ஊர்தான். ஒருவர் மாடியில் இருப்பார். இன்னொருவர் கைச்செட்டோடு பைக்கில் கிளம்புவார். கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் நிறுத்தி அழைப்பார். குரல் எவ்வளவு புரிகிறது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். போன வருகிற இடமெல்லாம் ஸ்மார்ட்போன் வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். 5 என்றால் பச்சை, 1 என்றால் சிவப்பு. மேம்பாலத்துக்குக் கீழே கேட்காது, அரிசி ஆலைக்குப் பின்னால் கேட்காது, ஏரிக்கரை மேல் ஏறினால் கேட்கும். சில இடங்களில் இரண்டு அடி தள்ளி நின்றாலே கேட்காத குரல் கேட்கும், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றை ஒன்று அழிப்பதும் சேர்ப்பதும் அப்படி. அந்த வரைபடம்தான் எங்கள் மன்றத்தின் சொத்து. நிவாரண முகாமாகப் பயன்படுகிற பள்ளிக்கூடத்தில் ரேடியோவை எந்த அறையில், எந்தப் பக்க ஜன்னலில் வைக்க வேண்டும் என்று வெள்ளத்துக்கு முன்பே தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள்.

தூரத்துக்கு ஒரு தாழ்வான கம்பி

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் பேச வேண்டுமானால் மேலே சொன்ன அலைவரிசை எட்டாது. அதற்கு 7 மெகாஹெர்ட்ஸ். இங்கே ஆன்டெனா பெரிது: பக்கத்துக்கு 10 மீட்டராக, மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் ஒரு கம்பம், இரண்டு முனையும் நைலான் கயிற்றில் தென்னை மரத்துக்கோ கைப்பிடிச் சுவருக்கோ இழுத்துக் கட்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிநாட்டோடு பேச இந்தக் கம்பி உயரமாக இருக்க வேண்டும். நம் மாநிலத்துக்குள் பேச, 6, 7 மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினாலே போதும். தாழ்வான கம்பி அலையை நேர் மேலே அனுப்பும். வானில் இருக்கிற அயனி மண்டலம் அதைக் கீழே திருப்பி விடும். குழாயை மேலே பிடித்தால் தண்ணீர் சுற்றிலும் விழுகிற மாதிரி, பகல் நேரத்தில் சில நூறு கிலோமீட்டர் வட்டாரம் முழுக்க நனையும். நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை. புயல் உயரமான கம்பங்களை எல்லாம் சாய்த்த பிறகும், இரண்டு ஆள் சேர்ந்தால் இந்தக் கம்பியைக் கட்டிவிடலாம். இரவில் அயனி மண்டலம் மாறிவிடும், பக்கத்து ஊர் காணாமல் போய்த் தூரத்து ஊர் கேட்கும். எத்தனை மணிக்கு மாறுகிறது என்று நோட்டில் எழுதி எழுதித்தான் பிடிபடும்.

செட்டும் பேட்டரியும்

செட்டையே சொந்தமாகச் செய்கிறவர்களும் உண்டு. ஹைதராபாத்தின் அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட் உலகமெங்கும் பேர் பெற்றது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற சாதாரண பாகங்களை வைத்துச் செய்யும்படி வரைந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வாஷரிலேயே காயில் சுற்றியிருப்பார். அதைச் செய்து பார்த்தவருக்கு, செட் பழுதானால் எங்கே கை வைப்பது என்று தெரியும். வெள்ளத்தில் சர்வீஸ் சென்டர் திறந்திருக்காது.

பேட்டரியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெடும். ஆகவே நம் கையில் இருப்பது மூன்றரை. கேட்பதற்கு அரை ஆம்பியர் எடுக்கிற செட் என்றால் 7 மணி நேரம். பேசப் பேச அது வேகமாகக் குறையும். அதனால் குறைந்த வாட்டில் பேசிப் பழகுகிறோம், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் செட்டைப் போடுவது என்று நேரம் வைத்துக்கொள்கிறோம். ஒரு சின்ன சோலார் பலகை இருந்தால் மறுநாளும் ஓட்டலாம்.

பாதுகாப்பு பற்றி எங்கள் மின்வாரியப் பெரியவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன்: “கம்பி அறுந்து விழுந்தா எங்க விழும்னு பார்த்துட்டுக் கட்டு.” மின் கம்பிக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஆன்டெனா கட்டக் கூடாது. இடி மின்னல் நெருங்கும் முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இதில் எந்தச் சோதனையும் கிடையாது.

உரிமம் இல்லாமல் பேசக் கூடாது

ஹாம் ரேடியோவில் பேச மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தரும் உரிமம் கட்டாயம். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். ரேடியோ பற்றிய அடிப்படை அறிவு, விதிமுறைகள் என்று இரண்டு பகுதி. பொது நிலைக்கு மோர்ஸ் தந்தியும் தெரிய வேண்டும், கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்குத் தேவையில்லை. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில், போனிலிருந்தே செய்யலாம். கட்டணமும் தேர்வு விவரமும் அவ்வப்போது மாறுவதால் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேறியவருக்கு வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். அது உலகத்தில் உங்களுக்கு மட்டுமே உரியது.

இணையக் கடைகளில் மலிவாக வாக்கி-டாக்கி கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். உரிமம் தேவைப்படுகிற செட்டுகளை அந்த விவரமே சொல்லாமல் விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. தெரியாமல் அழுத்துகிற ஒரு பட்டன், காவல்துறையோ மீட்புக் குழுவோ பேசுகிற அலைவரிசையில் குறுக்கிடலாம். இன்னொன்று, ஹாம் ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, செய்தி கொண்டுபோகக் காசு வாங்கக் கூடாது.

போனிலிருந்தே தொடங்கலாம்

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன்னுடைய ரேடியோ ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. வெப்எஸ்டிஆர் என்று தேடினால் கிடைக்கும். போன் பிரவுசரில் திறந்து 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் ஐரோப்பிய ஹாம்கள் பேசுவது கேட்கும். கேட்பதற்குச் செட் வேண்டாம். காது பழகட்டும்.

அடுத்தபடியாக, பக்கத்தில் இருக்கிற மன்றத்துக்கோ, ஹாம் நிலையம் வைத்திருக்கிற பொறியியல் கல்லூரிக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் எப்போது வரும் என்று போன் செயலி சொல்லும். அது 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிற குரலையும், சில நாட்களில் அனுப்புகிற படத்தையும் எங்களோடு உட்கார்ந்து கேட்கலாம். செட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தால், செயலி அந்தச் சத்தத்தைப் படமாக வரைந்துவிடும். நம் இஸ்ரோவும் 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்று ஹாம்களுக்காகவே ஒரு செயற்கைக்கோள் அனுப்பியது. 2014 வரை அது வேலை செய்தது.

கடைசியாக ஒரு பயிற்சி. இதற்கு உரிமமும் வேண்டாம், செட்டும் வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் இரண்டு அறையில் இருந்துகொண்டு, ஒரு அவசரச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். “இங்க ரொம்ப மோசம், யாராவது வாங்க” என்றால் யாருக்கு என்ன புரியும்? எந்த இடம், எத்தனை பேர், அதில் முதியவர், குழந்தை, கர்ப்பிணி எத்தனை, உடனே என்ன வேண்டும், சொல்கிறவர் யார். இந்த ஐந்தையும் எழுதி வைத்து, நிதானமாகப் படிக்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். எங்கள் மன்றத்தில் ஒவ்வொரு வாரமும் இதைச் செய்கிறோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-லோ, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070-லோ நீங்கள் பேசும்போதும் இதே முறை உதவும். போன் எடுக்கிற வரை அந்த எண்கள்தான் முதல் வழி. எடுக்காதபோது அதே செய்தியை ரேடியோவில் கொண்டுபோக உங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு ஊராட்சியிலும் உரிமம் வாங்கிய ஒரே ஒருவர், மாடியில் ஐந்து கம்பி ஆன்டெனா ஒன்று, சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும். உங்கள் ஊரில் அந்த ஒருவர் யார் என்று விசாரியுங்கள். யாரும் இல்லை என்றால் நீங்களோ உங்கள் பிள்ளையோ ஆகலாமே. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினால், அடுத்த மழைக்குள் நீங்கள் காற்றில் இருப்பீர்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்க. வெளியே மேசையில் ஆன்டெனா இருக்கிறது, தொட்டுப் பாருங்க, கழற்றிக்கூடப் பாருங்க.